ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்

வாசற்படியில் துடைப்பம் உரசும் சத்தம் கேட்டபோது ஹில்லெவி தலையைக்கூடத் தூக்கவில்லை. பின்லாந்தின் வடக்கே, கெமியார்வியில், குளிர்காலத்தில் அந்தச் சத்தம் கேட்காத வீடு ஏது? வெளியிலிருந்து வருகிறவன் படியோரம் சாய்த்திருக்கும் துடைப்பத்தை எடுத்து, இடது பூட்ஸ், வலது பூட்ஸ், பிறகு குதிகால் என்று பனியைத் தட்டிவிட்டுத்தான் கதவருகே வருவான். அவள் கணவன் ரைமோ அதில் மகா சுத்தக்காரன். கூடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தினால் குடி முழுகிப்போன மாதிரி கத்துவான். சரி, மனுஷன் வந்துவிட்டான் என்று பழைய பழக்கத்தில் நினைத்துக்கொண்டு அவள் விரல்களைக் கீபோர்டிலேயே ஓடவிட்டாள். அப்போது சமையலறையிலிருந்து அவன் குரல் வந்தது.

"தங்கம், காபி ஆறுது."

ரைமோ அன்றும் வெளியே போகவே இல்லை.

துடைப்பம் நின்றது. மதியம் இரண்டரை மணிதான், ஆனால் கண்ணாடிக்கு அப்பால் கன்னங்கரேலென்று இருட்டு. அந்த டிசம்பர் மாதத்தில் அங்கே சூரியன் முழுசாக எழுவதே கிடையாது. நடுப்பகலில் தெற்கே கொஞ்சம் நீலம் தெரியும், அதுவும் ஒருவன் சாப்பிட்டு முடிப்பதற்குள் போய்விடும். ஹில்லெவி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கதவை யாரும் தட்டவில்லை. யாரும் கூப்பிடவில்லை. சுவருக்குள் மரம் குளிரில் சடசடத்தது, ஹீட்டர் முனகியது, சமையலறையில் கரண்டி ஒருமுறை கோப்பையில் பட்டது. காற்றில் ஏதோ கிளை உரசியிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். படியருகே மரமே இல்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். நேற்றும் இதே நேரத்துக்கு இதே சத்தம் கேட்டது, முந்தாநாளும் கேட்டது.

செல்போன் அடித்தது. தெற்கே தாம்பெரே நகரத்திலிருந்து இல்ப்போ. அவளோடு ஒரே குழுவில் மென்பொருள் எழுதுகிறவன். வாய் ஓயாது, ஆனால் நல்லவன்.

"அம்மா தாயே, அந்த மஞ்சள் வார்னிங்கை என்னிக்குத்தான் துடைக்கப் போறே? வெள்ளிக்கிழமை ரிலீஸ். மேல இருக்கறவங்க ஒரு மஞ்சள்கூடத் தெரியக் கூடாதுன்னு குதிக்கிறாங்க."

"அது சும்மா ஃபைல் பேர் வார்னிங்ப்பா. அதனால யாருக்கு என்ன நஷ்டம்?"

"என் நிம்மதிக்குத்தான் நஷ்டம். ஒவ்வொரு தடவை கம்பைல் பண்ணும்போதும் உன் வீட்டுக்காரர் பேரைப் பார்க்கணும்னு எனக்கு என்ன தலையெழுத்து?"

அவள் சிரித்தாள்.

அவர்கள் செய்துகொண்டிருந்தது வீட்டுக் கதவுக்கான மென்பொருள். சாவி வேண்டாம், அட்டை வேண்டாம். கதவு ஆளின் முகத்தைப் பார்த்துத் திறக்கும். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபைல், அதில் கண்ணுக்குக் கண் எவ்வளவு தூரம், தாடை எவ்வளவு அகலம் என்ற கணக்கெல்லாம் இருக்கும். ஆள் கதவு முன்னால் வந்து நிற்கும்போதெல்லாம் கதவே அந்தக் கணக்கைப் புதுப்பித்துக்கொள்ளும். எழுதுகிறவர்களின் வீட்டில்தான் முதலில் மாட்டிப் பார்க்க வேண்டும் என்பது அந்த நிறுவனத்து வழக்கம். அதனால் இந்தக் குளிர்காலம் முழுக்க ஹில்லெவியின் வீட்டு வாசலே சோதனைக்கூடம்.

கதவுக்கு இன்னொரு விதியும் உண்டு. ஒருவர் வீட்டுக்குள் இருந்தால் அதே முகத்துக்கு வெளியிலிருந்து திறக்காது. புகைப்படத்தைக் காட்டி ஏமாற்றுகிறவனைத் தடுக்க ஹில்லெவியே எழுதிய விதி அது. உள்ளே இருக்கிறவன் எப்படி வெளியேயும் நிற்க முடியும்?

மஞ்சள் வார்னிங் திரையில் அப்படியே நின்றது. இந்தப் பெயர் ஏற்கெனவே சேர்க்கப்பட்ட ஒரு பெயர்தான், எழுத்தின் அளவில் மட்டும் மாறுகிறது என்பது அதன் பொருள். தமிழில் நமக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் எழுத்தில் ஒவ்வொன்றுக்கும் பெரியது, சின்னது என்று இரண்டு உருவம். மனிதர் பெயரென்றால் முதலெழுத்தைப் பெரிதாகப் போடுவார்கள். ஹில்லெவி தன் கணவனின் ஃபைலை அப்படித்தான் பெரிய எழுத்தில் தொடங்கியிருந்தாள். எங்கேயோ அதே பெயர் சின்ன எழுத்திலும் இருக்கிறது என்றுதான் எந்திரம் முணுமுணுத்தது. அவள் ஃபோல்டரைத் திறந்து பார்த்தாள். ரைமோ என்று ஒரு ஃபைல்தான் இருந்தது.

"இங்க ஒண்ணுதான் இருக்கு இல்ப்போ."

"உன் மெஷின் அப்படித்தான் சொல்லும். அதுக்குப் பெருசும் சின்னதும் ஒண்ணு, ரெண்டையும் ஒரே ஆளா காட்டும். இங்க சர்வர் கறார் பேர்வழி. இதுல ரெண்டு ஃபைல் தனித்தனியா உட்கார்ந்திருக்கு. ஒண்ணு நீ போட்டது. இன்னொண்ணு..." அவன் எதையோ தட்டிப் பார்த்தான். "இன்னொண்ணைக் கதவே போட்டிருக்கு."

"கதவா?"

"ஆமா. வந்த முகம் கிட்டத்தட்டப் பொருந்துது, ஆனா முழுசாப் பொருந்தலைன்னா கதவு திறந்துவிட்டுட்டு, சந்தேகத்துக்குப் புதுசா ஒரு ஃபைல் எழுதிக்கும் இல்ல? அதுக்குச் சின்ன எழுத்துலதான் எழுதத் தெரியும். இரு, தேதி பார்க்கறேன். நவம்பர் கடைசி. பனிப்பாதை உடைஞ்சதே, அன்னிக்கு."

அவள் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

அன்று ரைமோ பனி தள்ளும் லாரியை உறைந்த ஏரியின் மேல் போட்ட பாதையில் ஓட்டிப்போனான். பின்சக்கரம் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டது. செய்தி கேட்டு அவள் கோட்டைக்கூட மாட்டாமல் ஓடப் பார்த்தபோது கதவு தானாகத் திறந்தது, ரைமோ உள்ளே வந்தான். குதிச்சுட்டேன் என்றான். அவ்வளவுதான் சொன்னான். அவள் அவனைக் கட்டிக்கொண்டு கோவென்று அழுதாள். உடுப்பு ஏன் நனையவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை. உயிரோடு வந்துவிட்டானே, அதற்கு மேல் என்ன வேண்டும்? மறுநாள் கிரேன் வைத்து லாரியை எடுத்தார்கள். ஓட்டுநர் பக்கத்துக் கதவு உள்ளிருந்து மூடியபடியே இருந்ததாக யாரோ சொன்னார்கள். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு அவன் வேலைக்கும் போகவில்லை, கடைக்கும் போகவில்லை. சனிக்கிழமை சௌனா என்னும் நீராவிக் குளியலையே வேண்டாம் என்றான். சௌனாவை வேண்டாம் என்று சொன்ன ஒரு பின்லாந்துக்காரனை அவள் பிறந்தது முதல் பார்த்ததில்லை. அதிர்ச்சி, போகப் போகச் சரியாகிவிடும் என்று மருத்துவர் போனில் சொன்னதைப் பிடித்துக்கொண்டாள். அன்று அவன் பூட்ஸில் ஒட்டியிருந்த பனி, காலணி வைக்கும் பாயின் மேல், ஹீட்டருக்குப் பக்கத்தில், இன்னும் உருகாமல் இருந்தது. அதையும் அவள் தினம் தாண்டித்தான் நடந்தாள்.

"யார்கிட்ட பேசறே?" என்று சமையலறையிலிருந்து கேட்டான்.

"இல்ப்போ. வேலை விஷயம்."

"வெளிய யாரும் இல்ல, தங்கம்."

அவள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

அவள் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அதற்கு நேரே சமையலறை, சமையலறையைத் தாண்டினால் கூடம், கூடத்தின் முடிவில் வாசல். அவன் சமையலறை மேசைக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். தோள்கள் அசையவில்லை. மூச்சு விடுகிற மனிதனின் தோள் கொஞ்சமாவது ஏறி இறங்கும் இல்லையா? அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், ஏறி இறங்கட்டும் என்று வேண்டிக்கொண்டே இருந்தாள்.

"இல்ப்போ," குரலைத் தணித்தாள், "ரெண்டு ஃபைலையும் திறந்து பாரு. உள்ள என்ன இருக்குன்னு சொல்லு."

"எதுக்கு? ஒண்ணைத் தூக்கினா வேலை முடிஞ்சுது."

"பாருன்னா பாரு!"

அந்தப் பக்கம் மௌஸைச் சொடுக்கும் சத்தம். சிரிப்புக் குரலோடு ஆரம்பித்தவன் சிரிப்பில்லாமல் பேசினான்.

"சின்ன எழுத்து ஃபைல் ஒரே ஒரு தடவை எழுதினது. அன்னிக்கு உள்ள வந்த ஆள் மறுபடி கதவுப் பக்கமே வரலை. ஆனா பெரிய எழுத்து ஃபைல், நீ போட்டது, தினம் புதுப்பிக்குது. மத்தியானம் இந்த நேரத்துக்குத்தான். யாரோ கதவுக்கு முன்னால வந்து நிக்கறாங்க. கதவு அது ரைமோன்னு சொல்லுது. ரைமோ ஏற்கெனவே உள்ள இருக்காருன்னும் சொல்லுது. அதனால திறக்கலை."

"முகம்?"

"ரைமோதான். ஆனா..."

"சொல்லு இல்ப்போ."

"கன்னம் ஒட்டிக்கிட்டே வருது, ஹில்லெவி. ஒவ்வொரு நாளும். முதல் நாள் இருந்த கன்னத்துல பாதிகூட இப்ப இல்ல. எனக்கு இது பிடிக்கலை. கேமராவில ஏதோ கோளாறுன்னு சொல்லிடேன், ப்ளீஸ்."

அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. மைனஸ் முப்பது டிகிரி உறைகுளிரில் ஒருவன் ஓர் இரவுகூடத் தாக்குப்பிடிக்க மாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். அக்கம்பக்கத்தில் போய்த் தட்டியிருக்கலாமே, கத்தியிருக்கலாமே, ஏன் கத்தவில்லை என்று ஒரு மனம் கேட்டது. இன்னொரு மனம் எதையும் கேட்கவில்லை. என் ரைமோ, என் ரைமோ, பூட்ஸைத் துடைத்துக்கொண்டு வந்து தினமும் நிற்கிறான், நான் எழுதிய விதி அவனைத் திருப்பி அனுப்புகிறது என்று அது அழுதது. அங்கே நிற்பது உயிரோடிருக்கிறதா என்பதைப் பற்றி அந்த மனத்துக்குக் கவலை இல்லை.

துடைப்பம் மறுபடி உரசியது. இடது. வலது. குதிகால். முன்னைவிட மெதுவாக, கையில் வலுவில்லாதவன் செய்வதைப் போல.

ஓடிப்போய்க் கதவைக் கையால் திறந்துவிடலாம். ஆனால் சமையலறையைக் கடந்துதான் ஓட வேண்டும்.

"இல்ப்போ, அந்தச் சின்ன எழுத்து ஃபைலை எடுத்துடு. இப்பவே. உள்ள யாரும் இல்லைன்னு ஆயிடும், கதவு வெளிய நிக்கறவருக்குத் திறக்கும்."

"வெளிய யார் நிக்கறாங்க? ஹில்லெவி, அப்ப உள்ள யாரு?"

"எடுத்துடுன்னு சொல்றேன்ல!"

"சரி சரி, கத்தாதே. சர்வர்ல ரிலீஸ் கம்பைல் ஓடுது, அது முடிஞ்சாத்தான் கை வைக்க முடியும். கொஞ்ச நேரம் பொறு. நீ உன் மெஷின்ல எதையும் தொட்டுடாதே, கேட்டியா? நான் பக்கத்து வீட்டுக்காரங்க யாருக்காவது போன் பண்றேன்." தொடர்பு அறுந்தது.

சமையலறையில் நாற்காலி பின்னால் நகர்ந்தது.

"தங்கம், காபி ஆறுது."

முதல் தடவை சொன்ன அதே குரல். அதே ஏற்றம், அதே இறக்கம். நேற்றும் அப்படியே சொன்னான். அதற்கு முன்தினமும். எழுந்து நின்றான், இன்னும் முதுகைக் காட்டியபடியே. வெளியே துடைப்பம் கீழே விழுந்த சத்தம் கேட்டது. அதை எடுக்கும் சத்தம் கேட்கவில்லை. பிறகு கதவில் ஏதோ மெத்தென்று சாய்ந்தது. நிற்க முடியாதவன் தோளைக் கொடுத்துச் சாய்வது மாதிரி.

விழுந்துவிட்டான். அவன் விழுந்துவிட்டான்.

அவளால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. ஃபோல்டரைத் திறந்தாள். ரைமோ. சின்ன எழுத்தில் பெயரைத் தட்டினாள். சின்ன எழுத்தில்தான், ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொண்டாள். அழி என்றாள். நிச்சயமாகவா என்று எந்திரம் கேட்டது. நிச்சயமாக. எல்லா மாற்றத்தையும் அனுப்பு என்றாள். சர்வர் இடம் கொடுக்காமல் சுற்றியது, சுற்றியது, பிறகு சட்டென்று ஏற்றுக்கொண்டது. வாசற்கதவும் அந்த நொடியே புதிய கணக்கைப் படித்திருக்கும்.

திரையில் மஞ்சள் மறைந்தது. வார்னிங் எதுவும் இல்லை.

அவள் வாசற்கதவு திறக்கும் ஓசைக்காகக் காத்திருந்தாள். பூட்டு விலகும் அந்தச் சின்ன 'ணிங்' ஒலிக்காக.

அது வரவில்லை.

செல்போன் ஒளிர்ந்தது. இல்ப்போவின் செய்தி. *என்ன பண்ணினே? ரெண்டும் போச்சு. உன் மெஷினுக்கு ரெண்டும் ஒண்ணுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. ரைமோன்னு இப்ப எந்த முகமும் இல்ல.*

படித்தாள். மறுபடி படித்தாள். தெரியாத விஷயமா இது? இந்தத் தொழிலில் காலெடுத்து வைத்தவர்கள் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்வது. அவளுடைய எந்திரத்தில் ஒருவனை அழிக்க முடியாது. அழித்தால் இருவரும் போவார்கள். பயத்தில் அது மறந்துவிட்டது. தன் கையாலேயே, தன் புருஷனை, ஐயோ.

கூடத்தில் காலடிச் சத்தம் இல்லை. கதவில் சாய்ந்த கனமும் இல்லை. ஹீட்டர்கூட நின்றுபோயிருந்தது.

அறைக் கதவு மெல்லத் திறந்தது.

அவன் அறை வாசலை அடைத்து நின்றான். நீலக் கம்பளிச் சட்டை. அவள் தைத்துப் போட்ட முழங்கை ஒட்டு. தாடி. தாடிக்கு மேலே திரையின் வெளிச்சம் விழுந்தது.

தாடிக்கு மேலே ஒன்றும் இல்லை.

கண் இல்லை. மூக்கு இல்லை. காயம் இல்லை, ரத்தம் இல்லை. நெற்றியிலிருந்து தாடிவரை ஒரே தோல், பிசைந்து தட்டிய மாவுபோல வழவழவென்று. அந்த உருவம் கையால் கதவுச் சட்டத்தைத் தடவியது. சுவரைத் தடவியது. ஒரு அடி வைத்தது.

அவள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். முதுகு ஜன்னலில் இடித்தது. கண்ணாடியின் குளிர் சட்டை வழியே இறங்கியது.

அந்தக் கண்ணாடி முதுகுக்குப் பின்னால் அதிர்ந்தது.

திரும்பினாள்.

வெளியே ஒரு கை. உறைபனி படிந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தது. ஒன்றிரண்டு விரல் கறுத்துப்போன கை. மோதிரம் அவர்கள் கல்யாண மோதிரம். சுருங்கிய விரலில் தளர்ந்து தொங்கியது. வீட்டைச் சுற்றி, சுவரைப் பிடித்து, வெளிச்சம் இருந்த ஒரே ஜன்னலைத் தேடி வந்திருக்கிறான். துடைத்த இடத்தில் அவன் தலை தெரிந்தது. தொப்பியின் காது மடல்கள். பனி பூத்த தாடி. அவ்வளவு நாள் ஒட்டிக்கொண்டே வந்த கன்னங்கள்.

கன்னங்கள் இல்லை. அங்கேயும் ஒன்றுமில்லை. அந்த வழவழப்பை அவன் கண்ணாடியில் அழுத்தினான். இங்கும் அங்கும் நகர்த்தினான். பார்க்க முயல்வது போல. கூப்பிட முயல்வது போல.

இவன்தான். இவன்தான் அவளுடையவன். அவளுக்கு இப்போது சந்தேகமே இல்லை.

"ரைமோ," என்றாள்.

கண்ணாடிக்கு அப்பால் ஒரு தலை, அறைக்குள் ஒரு தலை. இரண்டும் அவள் குரல் வந்த பக்கம் திரும்பின.